எவரெஸ்ட் பேஸ் கேம்ப் டிரெக்: கைடிடம் மறைக்கவே கூடாத ஒரு விஷயம்!

ஒரு ரீல்ஸ் போதும். பின்னணியில் பனிமலை, காற்றில் படபடக்கும் கலர் கலர் பிரார்த்தனைக் கொடிகள், ‘எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீ.’ என்று எழுதிய பாறை, அதன்மேல் கையைத் தூக்கி நிற்கும் நண்பன். அன்று இரவே கூகுளில் ‘பேக்கேஜ் எவ்வளவு?’ என்று தேட ஆரம்பித்துவிடுவோம். தப்பே இல்லை. கயிறு, ஐஸ் கோடரி எதுவும் வேண்டாம்; மலையேற்றப் பயிற்சி முடித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நடக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லும் பயணம்தான் இது. அது உண்மைதான். ஆனால், முழு உண்மை இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா. உயரம் 2,637 மீட்டர். எவரெஸ்ட் டிரெக் தொடங்கும் லுக்லா விமான நிலையமே கிட்டத்தட்ட 2,850 மீட்டரில் இருக்கிறது. அதாவது, நம் மாநிலத்தின் உச்சிக்கும் மேலே இருக்கும் ஓரிடத்தில் இறங்கி, அங்கிருந்துதான் நீங்கள் ஏறவே ஆரம்பிக்கப் போகிறீர்கள்.

எத்தனை நாள், எவ்வளவு தூரம்?

நேபாளத்தின் கிழக்கே, கும்பு பகுதியில் சாகர்மாதா தேசியப் பூங்கா இருக்கிறது. எவரெஸ்ட்டுக்கு நேபாளிகள் வைத்திருக்கும் பெயர்தான் சாகர்மாதா. 1976-ல் அமைக்கப்பட்ட பூங்கா, 1979-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பேஸ் கேம்ப் இதற்குள்தான். லுக்லாவுக்கு அப்பால் கார், பஸ் கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சிமென்ட் எல்லாமே மனிதர்கள் முதுகிலோ கோவேறு கழுதை, யாக் முதுகிலோதான் போகிறது. ரொம்ப அவசரம் என்றால் ஹெலிகாப்டர்.

வழக்கமான திட்டம் இப்படி இருக்கும். முதல் நாள் லுக்லாவில் இறங்கி பாக்டிங் (2,610 மீ.) வரை நடை. இரண்டாவது நாள், ஆற்றுக்கு மேலே உயரத்தில் தொங்கும் ஹிலாரி பாலத்தைத் தாண்டி நாம்சே பஜார் (3,440 மீ.). மூன்றாவது நாள் அங்கேயே தங்கல். நான்காவது நாள் பெரிய புத்த மடாலயம் இருக்கும் தெங்போச்சே (3,860 மீ.). ஐந்தாவது நாள் டிங்போச்சே (4,410 மீ.), மறுநாளும் அங்கேயே. ஏழாவது நாள் லோபுச்சே (4,940 மீ.). எட்டாவது நாள் கோரக்ஷேப் (5,164 மீ.) போய் பையை வைத்துவிட்டு, பேஸ் கேம்ப்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஏற எட்டு நாள், இறங்க மூன்று நாள். போக வர சுமார் 130 கிலோமீட்டர்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் ஏமாறாதீர்கள். பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் சிகரம் தெரியாது! பக்கத்து மலைகள் மறைத்துவிடும். சிகரத்தைப் பார்க்க கோரக்ஷேப்பில் இருந்து 5,500 மீட்டருக்கு மேலே இருக்கும் காலா பத்தர் என்ற மேட்டுக்கு விடியற்காலையில் ஏற வேண்டும். அந்தக் குளிரில், அந்த இருட்டில் அலாரம் அடிக்கும்போது ‘யாருடா இந்த ஐடியா கொடுத்தது?’ என்று தோன்றும்.

லுக்லாவுக்குப் பறப்பது

லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். அதுவும் தட்டையாக இருக்காது; மலைப்பக்கம் நோக்கி ஏறும் சரிவு. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் வானம் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். ஒரு நாள், இரண்டு நாள் மாட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். எனவே ஆபீஸில் லீவு சொல்லும்போது, திரும்பும் பக்கம் குறைந்தது இரண்டு நாள் கூடுதலாகச் சொல்லுங்கள். காத்மாண்டுவில் இருந்து டெல்லி வழியாக சென்னை வரும் டிக்கெட்டை லுக்லாவில் இருந்து திரும்பும் அதே நாளுக்குப் போடவே போடாதீர்கள்.

சீசன் நேரத்தில் பல விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதிலாக ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியில் இருந்து கிளம்பும். அங்கே போக நான்கைந்து மணி நேர சாலைப் பயணம், அதுவும் நள்ளிரவில் கிளம்ப வேண்டும். ‘லுக்லா விமானம் உண்டு’ என்று மட்டும் சொல்லும் பேக்கேஜ்காரரிடம், ‘எந்த ஊரிலிருந்து?’ என்று கேளுங்கள். லக்கேஜ் மொத்தம் 15 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு.

தலைவலிதானே என்று நினைத்தால்...

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதாக இருந்தால், இதை எடுங்கள்.

பேஸ் கேம்ப் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னைக் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழக நேரம் வேண்டும். வேகமாக ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, சோர்வு வரும். இதுதான் உயர மலை நோயின் தொடக்கம். ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் அது பார்க்காது. சொல்லப்போனால் ஃபிட்டான ஆட்கள்தான் வேகமாக நடந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

தலைவலி வந்தால் அதே உயரத்தில் நின்றுவிட வேண்டும். சரியாகும்வரை மேலே போகக் கூடாது. நின்றும் அதிகமானால் இறங்க வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் ஏறினால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மூளையில் வீக்கம்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். ஒரு நேர்கோட்டில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் முடியாது. இரண்டாவது, நுரையீரலில் நீர் கோப்பது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. இரண்டுமே உயிரைக் கொல்லும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் இறங்குவதுதான். ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்பது இங்கே கிடையாது. நள்ளிரவாக இருந்தாலும் இறங்க வேண்டும்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு. நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். ‘ஒன்பதே நாளில் முடிச்சுடலாம் பாஸ்’ என்று ஒரு மலிவு பேக்கேஜ் வந்தால், அதில் எந்த நாளைச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதை எனக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித் தரவில்லை. டிங்போச்சேயில் இரண்டாவது இரவு எனக்கு மண்டை இடித்தது. சாப்பாட்டு மேஜையில் கைடு ஒவ்வொருவரிடமும் ‘தலைவலி இருக்கா, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?’ என்று கேட்டுக்கொண்டு வந்தார். குழுவில் எட்டு பேர். என்னால் எல்லோருக்கும் லேட்டாகிவிடுமோ என்ற பயம், மாசக்கணக்கில் சேர்த்து வைத்த காசு, ஆபீஸில் அடித்த பந்தா எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ‘சூப்பரா இருக்கேன் அண்ணா’ என்று சொல்லிவிட்டேன். ஒரு மாத்திரை போட்டு, தட்டில் இருந்ததைப் பக்கத்து நண்பனிடம் தள்ளிவிட்டேன்.

மறுநாள் துக்லா ஏற்றம். மேலே ஏறி முடித்தால், எவரெஸ்ட்டில் இறந்துபோன மலையேறிகளுக்கான நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கும். ஸ்காட் ஃபிஷர், பாபு சிரி ஷெர்பா என்று பெரிய பெரிய பெயர்கள். அந்தக் கற்களுக்கு நடுவில்தான் நான் வாந்தி எடுத்தேன். கைடு திட்டவில்லை. நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடந்தேன், ஆனால் அவருக்குப் பிடித்த மாதிரி இல்லை போல. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். குழுவை உதவிக் கைடிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பெரிச்சே நோக்கி இறங்க ஆரம்பித்தார். இறங்க இறங்க மண்டைக்குள் யாரோ ஸ்க்ரூவைத் தளர்த்துவது போல இருந்தது. குழு பேஸ் கேம்ப் போய்த் திரும்பும்வரை நான் கீழேதான். அந்தப் பாறையுடன் எனக்குப் போட்டோ கிடையாது.

பெரிச்சேயில், சீசன் மாதங்களில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிறிய மருத்துவமனை இருக்கிறது. உயர மலை நோய் பற்றி டிரெக்கிங் வருபவர்களுக்கு அங்கே டாக்டர்களே விளக்கிச் சொல்வார்கள். போகும் வழியிலேயே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நான் திரும்பி வரும் வழியில் கேட்டேன்!

‘டயமாக்ஸ்’ மாத்திரை பற்றிப் பலர் கேட்பார்கள். அசிடசோலமைடு என்ற மருந்து அது. உடம்பு உயரத்துக்குப் பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும். சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் எடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே போகும்போது வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் அந்த நம்பரைவிட உங்கள் தலை சொல்வதுதான் முக்கியம். பூண்டு சூப் குடித்தால் உயரம் ஒத்துக்கொள்ளும் என்று எல்லா லாட்ஜிலும் சொல்வார்கள். குடியுங்கள், சூடாக நன்றாக இருக்கும். மருந்து என்று மட்டும் நம்பாதீர்கள்.

கைடு வேறு, போர்ட்டர் வேறு

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் தனியாக டிரெக்கிங் போகக் கூடாது, உரிமம் பெற்ற கைடு வேண்டும் என்று நேபாளம் விதி கொண்டுவந்தது. கும்பு பகுதியின் உள்ளாட்சி அமைப்பு, ‘எங்கள் பகுதியில் இதைக் கட்டாயப்படுத்த மாட்டோம்’ என்று அப்போதே சொல்லிவிட்டது. அதனால் பாதையில் தனியாக நடப்பவர்களையும் பார்ப்பீர்கள். முதல் முறை போகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: கைடு இல்லாமல் போகாதீங்க. பாதை தெரியும் என்பதற்காக அல்ல. பாதை தெளிவாகவே இருக்கும், கூகுள் மேப்பே காட்டும். ‘நீ இனி மேலே வரக் கூடாது’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நமக்கு நாமே அதைச் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியதே ஹுத்ஹுத் புயல், நினைவிருக்கிறதா? அதன் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாய் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் உட்பட, அந்தப் புயலில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டிரெக்கிங் வந்தவர்கள் மட்டுமல்ல, கைடுகளும் போர்ட்டர்களும் உள்ளூர்க்காரர்களும் அதில் உண்டு. வங்கக்கடலில் புயல் என்றால் இமயமலைக்கு என்ன என்று கேட்காதீர்கள். ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று கைடு சொல்லும் நாளில், வெயில் அடித்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியிடம் பணம் கட்டும் முன் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். கைடின் உரிமம் இருக்கிறதா? முதலுதவிப் பயிற்சி உண்டா? எத்தனை பேருக்கு ஒரு கைடு? ஒருவருக்கு முடியாமல் போனால், அவரோடு இறங்க இன்னொரு ஆள் இருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. 12 பேருக்கு ஒரே கைடு என்றால், ஒருவருக்காக 11 பேர் இறங்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஒருவர் தனியாக இறங்க வேண்டும். இரண்டுமே நடக்கக் கூடாது.

அப்புறம் போர்ட்டர்கள். நம் ஆட்கள் பலர் மூட்டை தூக்குபவர்கள் எல்லோரையும் ‘ஷெர்பா’ என்று கூப்பிடுவார்கள். ஷெர்பா என்பது வேலையின் பெயர் அல்ல, ஓர் இனத்தின் பெயர். ‘கிழக்கிலிருந்து வந்தவர்கள்’ என்று பொருள். உங்கள் பையைத் தூக்குபவர் ராய், தமாங், மகர் இனத்தவராகவும் இருக்கலாம். அவர்களில் பலர் தாழ்வான ஊர்களில் இருந்து வருபவர்கள். உயர மலை நோய் அவர்களுக்கும் வரும். மெல்லிய ஜாக்கெட்டோடு உங்கள் பத்து கிலோவையும் நண்பரின் பத்து கிலோவையும் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குத் தலைவலி என்றால், அவர் சொல்லுவாரா? சொன்னால் அன்றைய கூலி போகும் என்று பயப்படுவார். நான் மறைத்ததற்காவது என் ஆசை காரணம், அவருக்கு வயிற்றுப்பாடு. ஆகவே போர்ட்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, குளிர் உடை, நல்ல ஷூ, இரவு தங்க இடம் கொடுக்கிறீர்களா என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். சாயங்காலம் அவர் சாப்பிட்டாரா என்று நீங்களும் விசாரியுங்கள். விலை குறைந்த பேக்கேஜில் வெட்டப்படும் காசு, பெரும்பாலும் இவர் முதுகில் இருந்துதான் வெட்டப்படுகிறது.

கைடை எப்படிக் கூப்பிடுவது? உங்களைவிட மூத்தவர் என்றால் ‘தாய்’. அடடா, அம்மா இல்லைங்க... நேபாளியில் அது ‘அண்ணன்’! லாட்ஜ் நடத்தும் அக்கா ‘திதி’. வழியெல்லாம் நீங்கள் கேட்கப்போகும் வார்த்தை ‘பிஸ்தாரே, பிஸ்தாரே’. மெதுவா, மெதுவா!

சாப்பாடு, ரூம், சார்ஜர்

வழி நெடுக ‘டீ ஹவுஸ்’ எனப்படும் லாட்ஜ்கள். மெல்லிய பலகைச் சுவர், இரண்டு கட்டில், ஹீட்டர் கிடையாது. சாப்பாட்டு அறையில் மட்டும் நடுவில் ஓர் அடுப்பு எரியும். மேலே போகப் போக விறகுக்குப் பதில் காய்ந்த யாக் சாணி. சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய் சேர்ந்த ‘தால் பாத்’ நமக்கு வரப்பிரசாதம், கேட்டால் மறுபடி போடுவார்கள். தேசியப் பூங்காவுக்குள் விலங்குகளை அறுப்பதில்லை. கறி கீழிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது. அதனால் அசைவப் பிரியர்கள் கொஞ்ச நாள் சைவமாகிவிடுவது வயிற்றுக்கு நல்லது.

சார்ஜ் போட, வைஃபைக்கு, வெந்நீர்க் குளியலுக்கு எல்லாம் தனிக் காசு, உயரம் கூடக் கூட ரேட்டும் ஏறும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; இரவில் போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். பாட்டில் தண்ணீர் வாங்குவதைவிட, குளோரின் மாத்திரையும் நல்ல பாட்டிலும் எடுத்துப் போவது சிக்கனம்.

எதிரே யாக் கூட்டமோ கழுதைக் கூட்டமோ வந்தால், செல்ஃபி எடுக்காமல் மலைச்சுவர் ஓரமாக ஒதுங்குங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் நின்றால், ஒரு மூட்டை இடித்தாலே போதும். மந்திரம் செதுக்கிய மணிக் கற்களைக் கடக்கும்போது அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பது மரியாதை. நம் ஊர்க் கோயிலில் பிரகாரம் சுற்றுவது போலத்தான்.

பணமும் பேப்பரும்

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கட்டாயம். ஆதாரை நம்பி ஏர்போர்ட் போய் நிற்காதீர்கள். நம் 100 ரூபாய்க்கு நேபாள ரூபாய் 160, இது நிலையான மாற்று விகிதம். பூங்கா நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால், சார்க் நாட்டவரான நமக்கு 1,500. வரியும், உள்ளாட்சி அமைப்பின் கட்டணமும் தனி. நாம்சேக்கு மேலே ஏ.டி.எம் நம்பிப் போகாதீர்கள், ரொக்கம் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இரண்டு வரிகளைத் தேடுங்கள். 6,000 மீட்டர் உயரம் வரை டிரெக்கிங் உண்டா? ஹெலிகாப்டர் மீட்பு உண்டா? சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸில் இரண்டும் இருக்காது. இதில் ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கிறது. தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் பணம் கறக்கும் மோசடி 2018-ல் பெரிதாக வெளியே வந்து, நேபாள அரசு விசாரணையே நடத்தியது. லேசான தலைவலிக்கே ‘ஹெலிகாப்டர் கூப்பிடலாம்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், நடந்து இறங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். உண்மையிலேயே முடியாதபோது தயங்கவும் வேண்டாம்.

எப்போது, எப்படித் தயாராவது?

மார்ச் முதல் மே வரை ஒரு சீசன், அக்டோபர், நவம்பர் இன்னொன்று. வானம் தெளிவு என்றால் என் ஓட்டு அக்டோபருக்கு. மே மாதம் போனால் பேஸ் கேம்ப்பில் உண்மையான எவரெஸ்ட் ஏறிகளின் கூடாரங்களைப் பார்க்கலாம்.

மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ஜிம் வேண்டாம், மாடிப்படி போதும். முதுகில் ஆறேழு கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் பழகுங்கள், முட்டி வலி வருவது இறங்கும்போதுதான். புது ஷூவை லுக்லாவில் பிரிக்காதீர்கள், ஊரிலேயே நடந்து நடந்து பழக்குங்கள். நம் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 2024 அக்டோபரில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே கைடுகள். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்த ஊர் நாம், அது மூடியிருக்கும்போது குறுக்கு வழி தேடாதீர்கள். அந்தப் பாதைகளில் ஒன்றிரண்டு போய்வந்தால், கைடின் பின்னால் அவர் வேகத்தில் நடப்பது எப்படி என்று கால் கற்றுக்கொள்ளும். உயரத்துக்கு உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் இங்கே பழக முடியாது. அது நாம்சேயில்தான் தெரியும்.

கடைசி இரவு லுக்லாவில் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். குழுவாகச் சேர்த்து, கைடுக்குத் தனிக் கவர், போர்ட்டருக்குத் தனிக் கவர் என்று அவரவர் கையிலேயே கொடுங்கள். உங்களுக்கு இனி தேவைப்படாத கையுறை, கம்பளித் தொப்பி, நல்ல ஜாக்கெட் இருந்தால் போர்ட்டரிடம் வேண்டுமா என்று கேட்டுக் கொடுக்கலாம். நான் என் டவுன் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை மேகம் மூடி விமானம் வரவில்லை. அன்று முழுக்க லாட்ஜ் அடுப்படியில், அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால், கொடுப்பதாக இருந்தால் விமானம் கண்ணில் தெரிந்த பிறகு கொடுங்கள்.